ரஸீன்ட வயிறு கரைஞ்ச கதை

கெலிஓயா டவுன்ல ரஸீன்ட வயித்தத் தெரியாத ஆள் இல்ல. ரோல்ஸ், பட்டீஸ், சமோசா விக்கிற சின்னக் கடை அவனுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால நிண்டு யாவாரம் பண்ணுவான். வயிறு அமுங்கி அமுங்கி கண்ணாடியில வட்டமா ஒரு எண்ண அடையாளம் விழுந்திருக்கும். பின்னேரத்துல அவன்ட பொஞ்சாதி அபீபா வந்து பழைய பேப்பரால அதத் தொடைப்பா. "அத ஏன் தொடைக்கிறீங்க, கடைக்கு போர்டே அதுதானே" எண்டு நான் சொல்லுவேன். அவ முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பா.

என்ட கோழிக்கடை அடுத்த கடை. நானும் ரஸீனும் ஒரே வகுப்பு, ஒரே வருசத்துல படிப்ப நிப்பாட்டினோம். அவன் மாப் பெசையப் போனான், நான் கோழி உரிக்கப் போனேன். கோழிக்கடையில நிக்கிறவனுக்கு ஊர்க்கத தானா வந்து சேரும். யார் வீட்டுல விருந்து, யார் வீட்டுல சண்ட, யாருக்கு மருமகன் வாரான், எல்லாம் வாங்குற எறச்சியிலயே வெளங்கிடும். வந்த கதய சும்மா வெச்சிக்கிட்டு இருக்கவும் எனக்கு ஏலாது. கொஞ்சம் உப்புப் போட்டு, கொஞ்சம் புளி போட்டு அடுத்த ஆளுக்கிட்ட குடுத்திடுவேன். "நிஸாம்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" எண்டு என்ட பொஞ்சாதி றமீஸாவே சொல்லுவா.

பின்னால தெரிஞ்ச விசயத்த முதல்லயே சொல்லிடுறேன். அப்பதான் நான் பண்ணின வேல உங்களுக்கு வெளங்கும்.

அபீபாக்கு ரெண்டு கிட்னியும் பழுதாப் போச்சி. கிழமைக்கு ரெண்டு தரம் கண்டிக்குப் போய் மெசின்ல ரத்தம் சுத்தம் செஞ்சிட்டு வருவா. போகக்குள்ள நடந்து போற மனிசி, வரக்குள்ள சப்னாட தோளப் புடிச்சிக்கிட்டு வருவா. சப்னா அவங்கட ஒரே புள்ள, பதினஞ்சு வயசு. ரஸீன் தன்ட கிட்னி ஒண்ட குடுக்கிறேன் எண்டு சொன்னதுக்கு அபீபா சம்மதிக்கவே இல்ல.

"எனக்கு ஒண்டு நடந்தா புள்ளைக்கு வாப்பா ஈக்கணும். உங்கட ஒடம்புல கத்தி வெச்சா நான் அந்தக் கட்டில்லயே ஏற மாட்டேன். அல்லாட மேல சத்தியம்."

சத்தியம் பண்ணினா மாத்துற ஆள் இல்ல அவ. ரஸீனும் விடல்ல. அவளுக்குத் தெரியாம டொக்டரப் போய்ப் பாத்தான். ரத்தம் பொருந்திச்சி, கிட்னியும் நல்லம். வயிறுதான் குறுக்க நிண்டிச்சி. தொண்ணூத்தாறு கிலோ, பிரஷர் கூட, ஈரல்ல கொழுப்பு. இந்த ஒடம்ப வெட்டினா ஒங்களுக்கே ஆபத்து, எம்பது கிலோக்கு வாங்க, பொறகு பேசுவோம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். எல்லாம் சரிவந்த பொறகு அபீபாக்கு சொல்லுவோம், அப்ப அவளுக்கு மறுக்க ஏலாது எண்டு ரஸீன் கணக்குப் போட்டான். வீட்டுல சொன்னது, "சீனி வருத்தம் வரப் பாக்குதாம்." இதுக்கு மேல ஒரு ஆளுக்கும் ஒண்டும் சொல்லல்ல. எனக்கும்தான்.

நான் கண்டதெல்லாம் இதுதான். கால் எறச்சிய கொழுப்போட கேட்டு வாங்குற ரஸீன், ஒரு நாள் காலையில வந்து, "மச்சான், நெஞ்செறச்சி அரைக் கிலோ தா. தோல் வாணாம்" எண்டான்.

"தோல் இல்லாமலா? காய்ச்சலா ஒனக்கு?"

"வெட்டுடா."

அடுத்த நாளும் அதே. அதுக்கு அடுத்த நாளும் அதே. முட்ட வாங்கினா வெள்ளக் கரு மட்டும் திம்பான், மஞ்சக் கரு பூனைக்கு. பிளேன்டீக்கு சீனி இல்ல. காலம்பற எண்ணச் சட்டிக்கு முன்னால நூறு ரோல்ஸ் பொரிப்பான், ஒண்ட வாயில வெக்க மாட்டான். "சப்னா, உப்புப் பாருங்க" எண்டு புள்ளைட வாயில வெப்பான். கிழமைக்கு நாலு நாள் பின்னேரம் கடைய சப்னாட கையில குடுத்திட்டு கண்டி பஸ்ல ஏறுவான். திரும்பி வரக்குள்ள குளிச்சி, தல சீவி, சவுக்கார வாசத்தோட வருவான். நீங்களே சொல்லுங்க, நான் என்னத்த நினைக்க?

நாலு மாசத்துல முகம் வத்திச்சி, கழுத்து வத்திச்சி. சேர்ட்டுக்குள்ள தோள் எங்க எண்டு தேடணும். வயிறு மட்டும் அப்படியே நிண்டிச்சி. "வேற ஆள்ட வயித்தக் கடனுக்கு வாங்கினியா?" எண்டு டவுன்ல ஆக்கள் கேட்டாங்க. ரஸீன் சிரிப்பான். அந்தச் சிரிப்புல ஒரு களைப்பு இருந்திச்சி. அத நான் காதல் எண்டு நினைச்சேன்.

அப்பதான் தெல்தெனியவுல ஒரு கலியாணம். எங்கட கலியாணத்துல சாப்பாடு சஹன்லதான். பெரிய தட்டு ஒண்டுல புரியாணிய மலையாக் குவிச்சி, மேல பொரிச்ச கோழி வெச்சி, சுத்தி ஆறு பேர் குந்தி ஒண்டா திங்கணும். முந்தி ரஸீன் குந்துற சஹன்ல மத்த அஞ்சு பேருக்கும் கஷ்டம்தான். அண்டைக்கு அவன் கோழித் துண்ட எடுத்து, தோல உரிச்சி எங்கட பக்கம் தள்ளிட்டு, வெள்ளரிக்காய மென்டுக்கிட்டு இருந்தான். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்திச்சி, கையால தொடக்கூட இல்ல.

"என்ன ரஸீன், வட்டிலப்பத்தோட கோவமா?" எண்டு என்ட மச்சினன் ஷப்ராஸ் கேட்டான்.

எனக்கு நாக்கு அரிச்சிச்சி. "கோவம் இல்லடா. மாப்புளைக்கு ஒடுப்புத் தைக்க அளவு எடுக்கணுமே. ரெண்டாவதுக்கு ரெடியாகுறார்" எண்டேன்.

சஹனே சிரிச்சிச்சி. ஷப்ராஸுக்கு சோறு பொரை ஏறிச்சி. ரஸீன் என்ட முகத்தப் பாத்தான், கையக் கழுவ எழும்பிப் போனான். இல்லை எண்டு சொல்லல்ல பாத்தீங்களா எண்டு நான் கண்ணடிச்சேன்.

அந்த சஹன்ல ஆறு பேர். ஆறு பேர்ட வீட்டுலயும் பொம்புள ஈக்கு. ரெண்டு நாள்ல கத கெலிஓயாவச் சுத்தி எனக்கிட்டயே திரும்பி வந்திச்சி. வரக்குள்ள பொண்ணுக்கு முப்பத்திரெண்டு வயசு, கண்டியில பேங்குல வேல, சொந்த வீடும் இருந்திச்சி. கேக்கக் கேக்க நான் சொன்ன பொய்ய நானே நம்பிட்டேன். அந்தப் பொண்ண ஒருக்காப் பாத்திடணும் எண்டு ஒரு வெசாழக்கிழமை ரஸீன்ட பஸ்ஸுக்குப் பின்னால அடுத்த பஸ்ல ஏறினேன்.

கண்டி குட்செட் பஸ் ஸ்டாண்டுல எறங்கினா அவன் ரெண்டு சந்து தாண்டி ஒரு கட்டிடத்துல மேல் மாடிக்கு ஏறுறான். நானும் ஏறினேன். மேல ஒரு ஜிம், இரும்புச் சத்தம். கண்ணாடிக்கு முன்னால ரஸீன், தோள்ல இரும்புக் கம்பி, ரெண்டு பக்கமும் தட்டு. குந்துறான், எழும்புறான். முகம் செவந்து போய், பல்லக் கடிச்சிக்கிட்டு, ஒவ்வொரு தரம் எழும்பக்குள்ளயும் என்னமோ ஓதுறான். பக்கத்துல தேயிலத் தோட்டத்துப் பெடியன் ஒருத்தன், தினேஸ் எண்டு பேர், எண்ணிக்கிட்டு நிக்கிறான்.

"யாருங்க, சேரணுமா? வாங்க" எண்டான் தினேஸ் என்ட வயித்தப் பாத்து.

"இல்ல தம்பி, நான் ரஸீன்ட கூட்டாளி. இவர் ஏன் இந்தப் பாடு படுறார்?"

"தெரியாதுங்களா? வீட்டம்மாவுக்கு கிட்னி குடுக்கணும்ல. நான்கூட முதல்ல சொன்னேன், சும்மா ஓடி ஓடி எளைச்சா ஒடம்புதான் தளரும், சதை போயிடும் ரஸீன் நானா, வெயிட்டு தூக்குங்க, சோத்த பாதியாக்குங்க, முட்டையும் பருப்பும் கீரையும் தின்னுங்கன்னு. ஒரு நாள்கூட தவறல. ஆனா வயித்துக் கொழுப்பு புடிவாதமானதுங்க. மத்த எல்லா எடமும் கரைஞ்ச பெறகுதான் அது அசையும். இப்பத்தான் அசைஞ்சிருக்கு. எம்பத்தஞ்சுக்கு வந்துட்டாரு."

ரஸீன் கம்பிய எறக்கி வெச்சிட்டுத் திரும்பினான், என்னக் கண்டான்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு தேத்தண்ணிக் கடையில குந்தினோம். எனக்கு மன்னிப்புக் கேக்கவும் வாய் வரல்ல. வாழ்க்கையில முதல் தரம்.

"நான் போய் அபீபாக்கிட்ட சொல்லிடுறேன் மச்சான். பொய் எண்டு சொல்லிடுறேன்."

"சொல்லாத."

"டேய், அவ என்னத்த நினைச்சிக்கிட்டு ஈக்கிறா தெரியுமா?"

"தெரியும். முந்தாநாள் கேட்டா. 'பொண்ணு கண்டி ஊரா? சப்னாவ ஒழுங்காப் பாப்பாளா?' எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல." கோப்பையச் சுத்திக்கிட்டே இருந்தான். "இல்ல எண்டா, அப்ப ஏன் மெலியுறீங்க எண்டு கேப்பா. சீனி வருத்தக் கதைய அவ இனி நம்பப் போறதில்ல. உண்மையச் சொன்னா அடுத்த நாளே மெசினுக்குப் போறதையும் நிப்பாட்டிடுவா. எனக்குத் தெரியும் அவள. இன்னம் அஞ்சு கிலோ நிஸாம். ஒரு மாசம். டொக்டர் ஓம் எண்ட பொறகு நானே கால்ல விழுந்து சொல்லுறேன். அது வரைக்கும் நீ கட்டின கத அப்படியே ஈக்கட்டும். ஒன்ட வாயால வந்தது, ஒன்ட வாயாலயே மூடிக்க."

மூடினேன். ஊர்ல ஒரு ஆளும் நம்ப மாட்டாங்க, நான் மூடினேன்.

றமீஸாக்கிட்டயும் சொல்லல்ல. அவதான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா அபீபாவப் பாக்கப் போவா. ஒரு நாள் அங்க இருந்து வந்து பேர்ஸ கதிரையில எறிஞ்சா.

"இனி அந்த மனிசனுக்குக் கோழி விக்காதீங்க. அந்தப் பொம்புள என்ன செய்யுது தெரியுமா? ஊசி குத்திக் குத்தி கை வீங்கிப் போய் ஈக்கு. அந்தக் கையால தையல் மெசின்ல குந்தி அவர்ட களிசான் எல்லாத்தையும் இடுப்புச் சிறுசாக்குது. நாலு களிசான். நான் சொன்னேன், உங்களுக்குப் பைத்தியமா அபீபா ராத்தா, விடுங்க எண்டு. அவ சிரிக்கிறா. 'புது மாப்புள லொட லொட எண்டு களிசானப் புடிச்சிக்கிட்டுப் போனா என்னையத்தானே சொல்லுவாங்க, முதப் பொஞ்சாதி பாக்கல்ல எண்டு' எண்டு சொல்லுறா. அப்படிச் சொல்லிட்டு நூலப் பல்லால கடிக்கிறா."

றமீஸா அழுதா. நான் கோழி உரிச்ச கையப் பாத்துக்கிட்டு நிண்டேன். உண்மைய அப்பவே சொல்லியிருக்கலாம். றமீஸாக்கிட்ட சொன்னா பத்து நிமிசத்துல அபீபாட காதுக்குப் போயிருக்கும். ஊர்ல ஒவ்வொருத்தன்ட கதையும் காத்துல போட்ட நான், இந்த ஒண்ட மட்டும் வெச்சிக்கிட்டு இருந்தேன்.

ரஸீன் எம்பத்திமூணுக்கு வந்தான். எம்பத்திரெண்டு. பொறகு ரெண்டு கிழமை ஒரு அசைவும் இல்ல. சோத்த இன்னம் குறைக்கப் போறேன் எண்டானாம், தினேஸ் ஏசினானாம், "பட்டினி கெடந்தா தூக்க சக்தி இருக்காது நானா, பொறுங்க" எண்டு. பொறுத்தான். ஒரு வெசாழக்கிழமை பஸ்ஸால எறங்கி நேரா என்ட கடைக்கு வந்தான். கண்ணு ரெண்டும் மின்னிச்சி.

"எழுவத்தொம்பதே முக்கால் மச்சான்."

வெட்டுற கட்டைக்கு மேலாலயே ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சோம். அடுத்த புதன் டொக்டர்ட நாள். புதன் பின்னேரம் அபீபாக்கு சொல்லுறது. என்ன பேசணும் எண்டு எனக்கு ஒப்பிச்சிக் காட்டினான், பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பள்ளிக்கூடத்துல அவன் ஒழுங்கா ஒப்பிச்சதே இல்ல.

வெள்ளிக்கிழமை அபீபாக்குக் காய்ச்சல். குளிரி நடுங்கினா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, ரத்தத்துல கிருமி எண்டு சொன்னாங்க. சனிக்கிழமை நெனவு இல்ல. ஞாயிறு பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லக்குள்ள மவுத்தாகிட்டா.

மையத்து வீட்டுல ரஸீன் என்ட கையப் புடிச்சான். கை இரும்பு மாதிரி இருந்திச்சி. "சனிக்கிழமை காதுல சொன்னேன் மச்சான். எல்லாத்தையும் சொன்னேன். கேட்டிச்சோ தெரியா. கண்ணு தொறக்கல்ல" எண்டான். மையத்து வெச்ச சந்தூக்க முன்னால நிண்டு தூக்கினது அவன்தான். அந்த ஏத்தத்துல மையவாடி வரைக்கும் ஆள் மாத்த விடல்ல. ஏழு மாசம் தூக்கிப் பழகின தோள்.

அபீபாட நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிய சஹன் வெச்சாங்க. நான் ரஸீனுக்குப் பக்கத்துல குந்தினேன். யாரோ தூரத்துச் சொந்தம், நான் கட்டின கத தெரியாத ஆள், "ஆள் நல்லா எளமையாகிட்டீங்களே, இனி என்ன, யோசிக்கலாம்தானே" எண்டு மெதுவாச் சொன்னார். ஷப்ராஸ் குனிஞ்சிட்டான். எல்லாரும் என்ட வாயப் பாத்தாங்க. நான் ஒரு கோழித் துண்ட எடுத்து, தோல உரிச்சி, ரஸீன்ட பக்கம் வெச்சேன். அவன் அதத் திண்டான்.

றமீஸாக்கு அண்டைக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு நாள் என்னோட பேசல்ல.

கத்தத்துக்கு அடுத்த நாள் காலையில ரஸீன் கடைக்கு முன்னால நிக்கிறான். "நெஞ்செறச்சி அரைக் கிலோ."

"தோல் இல்லாமலா?"

"ஓம்."

எனக்குத் தாங்கல்ல. "இனி எதுக்குடா? ஒரு ரோல்ஸ் தின்னுடா. ஒன்ட கடை ரோல்ஸ நீ திண்டு எட்டு மாசம் ஆச்சி."

அவன் களிசான்ட இடுப்பப் புடிச்சிக் காட்டினான். "நாலு களிசான் ஈக்கு. எல்லாம் அவ தச்சது. நான் பெருத்தா தையலப் பிரிக்கணும்."

இப்பவும் கிழமைக்கு நாலு நாள் கண்டி பஸ்ஸுக்குப் போறான். கடைக் கண்ணாடியில அந்த வட்டம் இல்ல, தொடைக்க ஆளும் இல்ல. நாப்பத்திரெண்டு இஞ்சிக் களிசான முப்பத்தஞ்சா ஆக்கினா பின்பக்கத்து ரெண்டு பொக்கட்டும் நடுவுக்கு வந்து ஒட்டிக்கும். ரோட்டால போறவங்க பாத்திட்டுச் சிரிப்பாங்க. முந்தி எண்டா நானும் ஒரு பகிடி விட்டிருப்பேன். இப்ப அவன் ரோட்டக் கடந்து பஸ்ல ஏறுற வரைக்கும் அந்த ரெண்டு பொக்கட்டையும் பாத்துக்கிட்டு நிப்பேன். பொறகு கத்திய எடுத்து, நாளைக்கு அவனுக்கு எண்டு ஒரு நெஞ்செறச்சிய தோல உரிச்சி தனியா எடுத்து வெப்பேன்.