ஹேமநாத்தின் கட்டைவிரல்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பீரோவைப் பார்க்கிறான் ஹேமநாத். வலது கட்டைவிரல் காற்றில் இரண்டு முறை துள்ளுகிறது. அவ்வளவுதான், அவன் மண்டைக்குள் பீரோ இரண்டு திருப்பு திரும்பிப் படுத்துவிட்டது. “கால் இந்தப் பக்கம், கண்ணாடி அந்தப் பக்கம். மெத்தைய சைடுல சொருவு.” டேப் வைத்து அளந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் அசடு வழிய அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறார்.

தாம்பரத்தில் வீடு மாற்றித் தரும் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றுபவன். வயது இருபத்துமூன்று. பத்தாவதில் கணக்கு அவனை இரண்டு முறை கவிழ்த்தது. கைதூக்கிவிட்டது செல்போன்தான்: மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும் ஆட்டம். ஒன்பது வருடப் பழக்கம். தட்டில் இட்லி வைத்தாலும் சந்து விடாமல் அடுக்குவான். மூன்று அறை வீட்டை ஒரே நடையில் கேளம்பாக்கம் கொண்டுபோனவன் என்று டிரைவர் ஆஸ்டின் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். கடைசிச் சாமான் கச்சிதமாக உட்கார்ந்ததும் ஹேமநாத் “செட்டு!” என்பான். அதைக் கேட்டால்தான் ஆஸ்டின் வண்டியைக் கிளப்புவான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த அப்பா கங்காதரன் எழுந்திருக்கவில்லை. வீடு இரண்டாவது மாடி. ஐஸ் பெட்டி படியேறாது; அவரைத்தான் கீழே இறக்க வேண்டும். நாலு பேர் தூக்கிய ஸ்ட்ரெச்சர் படி திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டது.

“மெதுவா, மெதுவா! செவுத்துல இடிக்குது பாரு!”

“டேய் ஹேமு, நீ சொல்றா. உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?” என்றான் ஆஸ்டின்.

அழுதுகொண்டிருந்தவனின் கட்டைவிரல் துள்ளியது. “தலைய மேல தூக்கு. கால ஜன்னல் பக்கம் வுடு. இப்ப லெஃப்ட்ல திருப்பு.” எங்கும் இடிபடாமல், நூலிழை இடைவெளியில் அப்பா திரும்பினார்.

“செட்டு!”

வாயைவிட்டு வந்த பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது. மேல்படியில் நின்ற அக்கா துர்கா அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போதும் போன் போட்டால் “சாப்ட்டியாடா?” என்றுதான் கேட்கிறாள். அதற்கே அவனுக்குக் கூசிப்போகிறது.

ஆட்டத்தை அன்றே போனிலிருந்து அழித்துவிட்டான். மண்டையிலிருந்து அழிக்கத்தான் பொத்தான் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

“கண்ண மூடுனா அப்பா மூஞ்சி வரமாட்டேங்குதுண்ணா,” என்று ஆஸ்டினிடம் ஒரே ஒரு முறை சொன்னான். “நீளமா இன்னாவோ ஒண்ணு வருது. படியாண்ட வந்து திரும்புது. எங்கடா மூஞ்சின்னு பாத்தா, வெறும் கட்டையா கீது.” ஆஸ்டின் டீ வாங்கிக் கொடுத்தான்.

மாடம்பாக்கத்து வீட்டில் இன்று கடைசிச் சாமான் ஒரு மடக்குக் கட்டில். மயிரிழையில் உள்ளே போய் உட்கார்கிறது. பழைய ஞாபகத்தில் ஆஸ்டின் சாவியைத் திருப்பாமல் காத்திருக்கிறான். ஹேமநாத்தின் வாய் திறக்கிறது, மூடிக்கொள்கிறது. வலது கட்டைவிரலை மடக்கி, மற்ற நாலு விரலுக்குள் இறுக்கிப் பூட்டுகிறான். அந்த முஷ்டியால் வண்டியின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டுகிறான்.