போ என்றால் உட்காருகிறவன்

அடுத்த வீட்டு ரங்கம்மா என் அச்சகத்து வாசலில் வந்து நின்று, "மேஸ்திரி போயாடண்டி" என்றாள். யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன், நிமிராமலே "எங்கே போனான்?" என்று கேட்டேன்.

போயாடு என்றால் தெலுங்கில் போனான் என்று அர்த்தம். நம் தமிழைப் போலவே செத்துப்போனான் என்பதற்கும் அதே சொல்தான். புத்தூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் மேஸ்திரி எங்கேயும் போகிற ஆள் இல்லை. அதனால்தான் அப்படிக் கேட்டுவிட்டேன். ரங்கம்மா கையில் கேழ்வரகுக் களி உருண்டை அப்படியே இருந்தது. "ரா நைனா, ரான்னு கூப்ட்டேன். வர்ல" என்றாள். அவள் களியோடு கூப்பிட்டு அவன் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேஸ்திரி எங்கள் வீட்டு நாய். எங்கள் தெருவுக்கு ஒருமுறை வந்தவர்களுக்குக்கூட அவனைத் தெரிந்திருக்கும். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், முன்னங்கால் சற்றுக் கோணல். மாட்டு வண்டிச் சக்கரத்தில் மாட்டி ஒடிந்த கால் அது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு நாய்க்குக் கட்டுப் போட ஆள் தேடி நான் அலைந்தது தனிக் கதை. புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தால், அந்தக் கோணல் காலோடு தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுத் திரும்புவான். அதற்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

போன அன்று காலையில்கூடப் பால்காரர் சைக்கிளைத் துரத்தினான். என் மனைவி கமலா வைத்த இட்லியை எப்போதும்போல ஒரே வாயில் விழுங்கினான். பிறகு வாசல் வெயிலில் படுத்தான், அவ்வளவுதான். வயசாகிவிட்டது என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். வயசானால் ஒரு நாள் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பக் கூடாதா? இரண்டு இருமல் இருமிக் காட்டக் கூடாதா? இப்படியா மனுஷனைக் கையில் எழுத்தோடு நிற்க வைப்பது? எனக்கு அவன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த வருஷம் நாங்கள் இந்த வீட்டைக் கட்டினோம். வேலையைப் பார்த்தவர் கொத்து மேஸ்திரி முனிரத்தினம். குவித்து வைத்த மணல்மேல் ஒரு குட்டி நாய் வந்து உட்கார்ந்துகொண்டு, கொத்தனார்கள் கல் வைப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும். "இது ஒண்ணு, நம்மள மேஸ்திரி வேல பாக்குது" என்று ஆட்கள் சிரித்தார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. முனிரத்தினம் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தால் குட்டி கிட்டே போகும். அவர் "போ" என்று சொல்லி, தூரப் போகட்டும் என்று ஒரு விள்ளல் தோசையை வீசுவார். அது ஓடித் தின்றுவிட்டு வந்து மறுபடி எதிரிலேயே உட்காரும். மறுபடி "போ", மறுபடி தோசை. வீடு எழும்பி முடிவதற்குள் அது ஒன்றைத் தீர்மானமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. போ என்றால் உட்கார வேண்டும், ஏதாவது வரும்.

கூப்பிடுவதற்கு நம்மிடம் வா, தெலுங்குக்காரர்களிடம் ரா. விரட்டுவதற்கு மட்டும் இரண்டு பாஷைக்கும் ஒரே சொல். வா என்றாலும் வருவான், ரா என்றாலும் வருவான். போ என்பதை மட்டும் எந்தப் பாஷையிலும் அவன் கேட்டு நடந்ததே இல்லை.

புத்தூர் சென்னை ராஜ்யத்துக்கா ஆந்திராவுக்கா என்ற எல்லைத் தகராறு முற்றியிருந்த சமயம், எங்கள் தெருமுனையில் இரண்டு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றி மேடை போட்டார்கள். ஒருவர் தமிழில் "எங்கள் மண்ணை விட்டுப் போ!" என்று முழங்கினார். மேஸ்திரி நேராக மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தான். அவர் இன்னும் உரக்கப் போ என்றார். இவன் வாலை ஆட்டினான். கூட்டம் சிரித்ததில் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் தெலுங்குக்காரர் ஒருவர் அதே சொல்லைச் சொன்னார். இவன் அங்கேயும் போய் உட்கார்ந்தான். அவராவது பரவாயில்லை, சிரித்துக்கொண்டே ஒரு கை வேர்க்கடலை போட்டார்.

அந்த நாட்களில் கமலாவும் ரங்கம்மாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். புத்தூர் யாருக்கு என்று கிணற்றடியில் தொடங்கிய வாய்ச்சண்டை. நாய்க்கு அவள் சோறு போட்டது இவளுக்குத் தெரியாது, இவள் போட்டது அவளுக்குத் தெரியாது. மேஸ்திரி இரண்டு வீட்டிலும் முழுச் சாப்பாடு சாப்பிட்டுப் பூசணிக்காயாக உருண்டான். கடைசியில் ரங்கம்மாதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏமே கமலா, நீயும் துன்ன போட்டியா இவனுக்கு? மூச்சு வாங்கிக்கினு கீறான்" என்று கத்தினாள். "நீ போட்டது போதாதுன்னு நான் வேற போட்டேன்" என்றாள் கமலா. அதோடு சண்டை தீர்ந்தது.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, புத்தூர் ஆந்திராவுக்கு. திருத்தணியில் இருக்கும் என் அண்ணன் அன்றிலிருந்து என்னை அழைத்தபடி இருந்தார். "அங்க இனிமே தமிழ்ல யாருடா அச்சடிக்கப் போறாங்க? வீட்ட வித்துட்டு வந்துடு." அவர் சொன்னதில் தப்பில்லை. நோட்டீசு, ரசீது எல்லாம் தெலுங்குக்கு மாறிக்கொண்டிருந்தன. நானும் தெலுங்கு எழுத்து வாங்கிப் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி தடவித் தடவிக் கோத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அண்ணன் லாரியே கொண்டுவந்துவிட்டார். மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. பாதிச் சாமான் ஏறிய பிறகு அவர் மேஸ்திரியைப் பார்த்து, "ஏறுடா, போலாம்" என்றார்.

போலாமில் போ இருக்கிறதல்லவா? உட்கார்ந்துவிட்டான். கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள். களிமண் மாதிரி வழிந்து மறுபடி தரையில் உட்கார்ந்தான். "அவன் வராம நான் வர்ல" என்றாள் கமலா. ஏற்றிய சாமானை இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்பியது.

அதற்குப் பின் அண்ணன் எப்போது கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: "மேஸ்திரி ஒத்துக்கல." உண்மையில் ஒத்துக்கொள்ளாதவர்கள் நாங்கள். எனக்கு இந்த வீடு, இந்தக் கிணறு, சுவருக்கு அந்தப் பக்கம் கத்தும் ரங்கம்மா எல்லாம் வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாயின் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருஷம் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தோம்.

முன்பு மணல் குவித்திருந்த இடத்திலேயே குழி வெட்டினோம். முனிரத்தினம் தாமாகவே மண்வெட்டியோடு வந்துவிட்டார். பாதி வெட்டியதும் நின்று, "எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் இவன, போ போன்னு" என்று ஆரம்பித்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரங்கம்மா அந்தக் களி உருண்டையை அவன் வாயருகே வைத்தாள். நான் அழுதேன். நாய்க்காக அழுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். குழி மேட்டில் கிடந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். அவருக்கும் அவன்மேல் ஆசைதான். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மேஸ்திரியும் பூட்டான். இனிமே யாருடா ஒத்துக்கணும்? கெளம்புங்க, போலாம்."

"இருக்கச்சே அவன வுட்டுட்டு வரமாட்டேன்னேன் மாமா" என்றாள் கமலா. "இப்ப மண்ணுல வெச்சிட்டு எப்டி வர்றது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ இன்னாடா சொல்ற?"

பழக்கத்தில் காலடியில் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோதுதான் அவன் செத்தது முழுசாக எனக்குத் தெரிந்தது. குழி மண்ணின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான் வர்லண்ணா" என்றேன். என் வாயால் நானே சொன்னேன். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "அவனாட்டமே உக்காந்துக்கினியே" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலடிக்கு நடந்தார்.

மேஸ்திரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த உட்கார்தல்தான். வேலை குறையலாம், தெலுங்கு எழுத்து இன்னும் கைக்கு வராமலே இருக்கலாம். இனி யார் எந்தப் பாஷையில் போ என்றாலும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அது சரி, ஆயுசு முழுக்க யார் சொல்லியும் போகாதவனே, உன்னை யாரடா போ என்று சொன்னது?