தேருக்குப் பயந்தவன்

பர்மாவில் இந்தப் பெகு பட்டணத்தில் நம்மவர் வீட்டு விருந்துக்குப் போனால் வாசலோரம் உட்காரத்தான் போட்டி. ஊரில் மரியாதைப்பட்டவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்போம். இங்கே உள்ளே உட்காருகிறவன் ஏமாந்தவன். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். பூமி ஆடினால் முதலில் வெளியேற வேண்டுமே. பெரிய பூகம்பத்தில் செங்கல் வீடுகள் சரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, எனக்கும் பாயசத்தைவிட வாசற்படிதான் முக்கியம். இன்னமும் சின்னச் சின்ன ஆட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போது பயம்கூட இல்லை, அலுப்புதான்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு ராஜபாளையம், மனைவி செல்லம்மாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், தேரோடும் வீதியில் வீடு. அவளையும் நாலு வயது மகள் கோதையையும் கையோடு பர்மாவுக்கு அழைத்துவந்துவிடுவதென்று முடிவு. அரிசி மில்லில் பிட்டர் வேலை பார்த்து, நானே பொங்கித் தின்று வெறுத்துப்போயிருந்தேன். மூட்டைகூடக் கட்டியாயிற்று.

ஆடிப்பூரத் தேரன்று காலையில் மாமனார் வீட்டில் கோதைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். தரை லேசாக அதிர்ந்தது. பரணில் பித்தளைப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அவ்வளவுதான், பிள்ளையை அள்ளிக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடிவிட்டேன். கூரைகளுக்கு மேலே ஆண்டாள் தேர் அசைந்து வந்துகொண்டிருந்தது. தேர் உருண்டால் அந்த வீதியே அதிரும், எனக்குத் தெரியாததா? வடம் பிடித்தவர்கள் விலகச் சொல்லிக் கத்தினார்கள். மாமனாருக்கோ ஒரே பெருமை.

"மாப்பிள்ளைக்கு எம்புட்டு பக்தி பாத்தியளா, புள்ளைய மொத ஆளா தரிசனத்துக்குத் தூக்கியாந்துட்டாரு" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லம்மாள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். கோதை வாயில் இட்லியோடு, அழக்கூடத் தோன்றாமல் என் சட்டையைப் பிடித்திருந்தாள். உள்ளே வந்த பிறகு செல்லம்மாள் கேட்டாள்: "அங்கன இப்படித்தான் ஓடணுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சில நாளு ஓடணும்" என்றேன்.

"அப்பம் புள்ள இங்கனயே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

மூட்டையை அவளே அவிழ்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற கோபம்.

நேற்று மத்தியானம் இங்கே மறுபடி ஆடியது. சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்தவன், வாசலுக்கு ஓடாமல் குனிந்து பக்கத்தில் துழாவினேன், பிள்ளையை அள்ளுவதற்காக. வெறும் தரை. பிறகுதான் புத்தி வந்து ஓடினேன். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி, நான் தாமதமாக வந்ததைப் பார்த்துவிட்டு, பணப்பெட்டியை உள்ளே விட்டுவிட்டாயா என்று கேட்டாள். உள்ளே இல்லை, ஊரில் இருக்கிறது என்றேன். பத்திரமான ஊர்தானா என்றாள். அங்கே தேர் வந்தால் மட்டுந்தான் தரை அதிரும் என்று சொல்ல எனக்குப் பர்மிய வார்த்தை கிடைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, கையில் காய்ந்துபோன சோற்றைக் கழுவப் போனேன்.