கிள்ளானில் கட்டிய கல்யாண மயில்

அந்தச் சனிக்கிழமை பயணம் போனவர்கள் இரண்டே பேர்: சுங்கை பூலோவிலிருந்து நான், பிரிக்பீல்ட்ஸிலிருந்து லெட்சுமி அக்கா. கிள்ளானில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் ஆ ஹொக் அங்கிளும் அவர் மனைவியும். அவர்களோடு ஒரு காகித மயில்.

காலை 8.05. கொமுட்டர் ரயிலில் ஏறும்போதே வானம் கறுத்திருந்தது. தாளில் வேலை செய்கிறவளுக்கு மழைதான் முதல் எதிரி. பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு போதும், மூன்று எடுத்துக்கொண்டேன். நான் படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவள். பிறந்தநாளுக்கும் பள்ளி விழாவுக்கும் கிரேப் தாளில் பூ செய்து கொடுப்பேன். கல்யாண மேடை என்றால் இதுதான் முதல். லெட்சுமி அக்காவின் மகளுக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். மேடை முழுக்கத் தாளாகவே இருக்கவேண்டும், நடுவில் தோகை விரித்த மயில் வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. ஐந்நூறு பூ முடித்துவிட்டேன். மயில்தான் மூன்று முறை கவிழ்ந்தது. கம்பி வைத்துக் கட்டிய கழுத்து, தூங்குகிற கோழி மாதிரி தொங்கிவிட்டது.

தாள் கடைக்காரர் ஒருவர்தான் ஆ ஹொக் அங்கிளின் எண்ணைக் கொடுத்தார். மூங்கில் கட்டித் தாள் ஒட்டுவதில் கைதேர்ந்தவராம். அங்கிள் வழக்கமாகக் கட்டுவது என்ன என்பதையும் சொன்னார். சீனர்கள் இறந்தவர்களுக்காக எரிக்கும் தாள் வீடு, தாள் கார். மயிலைச் செய்யச் சொல்லிவிட்டேன். லெட்சுமி அக்காவிடம் மட்டும் "கிள்ளான்ல ஒரு சீன அங்கிள்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணால் பார்க்காமல் மேடையில் வைக்கமாட்டேன் என்று அவரே கிளம்பியபோது என் தூக்கம் போனது. தெரிந்தால் மயில் மட்டுமா போகும், மேடை வேலையே போய்விடும்.

9.10. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸில் தோகைமேல் நானே ஒட்டுவதற்கு நீலக் கிரேப் தாள் எட்டுச் சுருள் வாங்கினேன், சுருள் விலை இரண்டு வெள்ளி ஐம்பது காசு. 9.45க்குக் கேஎல் சென்ட்ரலில் இருவரும் கிள்ளான் ரயிலைப் பிடித்தோம். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. லெட்சுமி அக்கா வழியெல்லாம் சம்பந்தி வீட்டுக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். சுபாங் ஜெயா தாண்டும்போது அங்கிளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. மயில் உடைந்துவிட்டதோ, முடியாது என்கிறாரோ என்று பயந்து அதைத் திறக்கவே இல்லை.

11.00. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கடை வாசலிலேயே இரண்டு மாடி வீடு ஒன்று நின்றது, என் உயரத்துக்கு. சன்னலுக்குத் திரை, மாடியில் ஏர்கோன், வாசலில் டிரைவரோடு கார், எல்லாம் தாள். எனக்குப் பயம் ஒரு பக்கம், அந்தச் சன்னல் கம்பியை எப்படிச் சுருட்டினார் என்ற ஆசை ஒரு பக்கம். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்வி, இது சாவுச் சாமான் கடையில்ல?"

"ஆமாக்கா."

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். லெட்சுமி அக்கா நடைபாதைக்கு இறங்கி, திரும்பிப் போகக் கார் கூப்பிடக் கைபேசியை எடுத்தார்.

உள்ளேயிருந்து பனியன் போட்ட ஒருவர் கையைக் குறுக்கே நீட்டியபடி ஓடிவந்தார். ஆ ஹொக் அங்கிள்தான். தமிழர்கள் வேலை செய்த கேரி தீவுத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் பிள்ளையாம், தமிழ் நன்றாகவே வந்தது.

"கல்யாண வீட்டு ஆளு இந்தப் படி மிதிக்கக் கூடாது லா. பின்னால வீட்டுக்கு வாங்க. மெசேஜ் போட்டேனே, கேக்கலயா?"

லெட்சுமி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்ல பாரு."

கைபேசியைப் பையில் போட்டுவிட்டு அங்கிள் பின்னால் நடந்தார். நான் அக்கா பின்னால்.

பின்சந்தில் வீடு. மயில் சாப்பாட்டு மேசைமேல் நின்றது. ஐந்தடி உயரம், தலை நிமிர்ந்து நின்றது. சாவுக் கடைத் தாள் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை, மூங்கிலும் புதிது, பசையும் மனைவி வீட்டில் காய்ச்சிய மரவள்ளி மாவுப் பசை என்று அங்கிள் ஒவ்வொன்றாகச் சொன்னார். வயிற்றுக்குள் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார், மங்கலத்துக்காம்.

கழுத்தில் கம்பியைத் தேடினேன். கம்பி இல்லை, நூலும் இல்லை. மெல்லிய நார்த்தாளைக் கீற்றாகக் கிழித்து, பசையில் தோய்த்து, முறுக்கி, மூங்கில் சேரும் இடத்தில் சுற்றிவிடுகிறார். காய்ந்ததும் இறுகிவிடுகிறது. இரண்டு மூங்கில் துண்டைக் கொடுத்து என்னையும் சுற்றச் சொன்னார். மூன்றாவது சுற்றில் முடிச்சு பிடித்தது. ஆட்டிப் பார்த்தேன், ஈரத்திலேயே அசையவில்லை. இத்தனை வருடம் தாளைப் பூவாக்கத்தான் தெரியும், தாளாலேயே தாளைத் தாங்கவைக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

லெட்சுமி அக்கா மயிலைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கழுத்தை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"சம்பந்தி கேட்டா என்னக்கா சொல்றது?" என்றேன்.

"கிள்ளான்ல ஒரு வீட்டுல செஞ்சதுன்னு சொல்லு. பொய் இல்லையே." பிறகு சொன்னார்: "உங்கிட்ட நான் தனியா பேச வேண்டியிருக்கு."

பேசட்டும். மயில் வருகிறது.

12.40. உடலில் செருகியிருந்த கழுத்தையும் தோகையையும் கழற்றி, மூன்றையும் விரிப்பில் சுற்றினோம். பிரிக்பீல்ட்ஸுக்குப் பெரிய கார், ஐம்பத்திரண்டு வெள்ளி. கிளம்பும்போது அங்கிள், "மறுபடி வாங்க" என்றார். அவர் மனைவி வாயைப் பொத்திச் சிரித்தார். கடையில் அந்த வார்த்தையை அவர் யாருக்கும் சொல்வதில்லையாம். சொல்லவும் கூடாதே.

பேசிய கூலியை எடுத்து நீட்டினேன். அங்கிள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது கல்யாணக் காசு. என் கடைக் கல்லா லாச்சியில சாவுக் காசு கிடக்கு, ரெண்டும் ஒண்ணா சேரக் கூடாது. தாலி ஏறினப்புறம் சிவப்பு உறையில போட்டு, லட்டோட இந்த வீட்டுக்குக் கொண்டுவா."

எங்கள் ஊரில் முன்பணம் வாங்காமல் யாரும் கத்தரிக்கோலைத் தொடமாட்டார்கள், நான் உட்பட. கார் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியபோது, மடியில் மயிலின் தலையை வைத்துக்கொண்டு, சிவப்பு உறை எங்கே வாங்குவது என்று கவலைப்பட ஆரம்பித்தேன். ஆ ஹொக் அங்கிளுக்கு நான் தரவேண்டிய பாக்கி: இருநூற்று இருபது வெள்ளி.