அம்மாவின் பதில்களை நான் சொன்னேன்

அம்மாவுக்கு முதன்முதலாக ஞாபகப் பரிசோதனை நடந்த அறைக்குக் கதவு இருக்கவில்லை. ஒரு திரைச்சீலை மட்டும்தான். அதற்கு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே பேசுவது அவர்களுக்குக் கேட்கும். நான் செய்த பிழைக்கு அந்தத் திரைச்சீலையைக் காரணம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அது அங்கே இருந்தது.

நானும் அம்மாவும் கண்டி மஹய்யாவையில் இருக்கிறோம். எனக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்யவில்லை. சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரை படித்துவிட்டு, பிலிமத்தலாவையில் ஒரு கடையில் பெயின்ட் கலந்து கொடுக்கிறேன். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் இத்தனை வருடம் அதிலேயே இருந்துவிட்டேன். அம்மாவுக்கு எழுபத்துமூன்று. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பா இறந்த பிறகு தோட்டத்து லயத்து வீட்டை விட்டு என்னோடு வந்தார். தங்கை ஜெயா வத்தளையில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

ஜெயா வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தான் வைத்த கருவாட்டுக் குழம்பை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“யாரு வச்ச கொழம்பு இது? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல.”

“நீங்கதானம்மா வச்சீங்க.”

“நான் வச்சா இப்பிடியா இருக்கும்? ஒங்க அப்பன் வீட்டு ஆளுக வச்ச மாதிரி இருக்கு.”

நாங்கள் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். அதுதான் முதல் அறிகுறி என்று இப்போது தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒன்றின் பின் ஒன்றாக வந்தது. கேட்டதையே கேட்டார். பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வரும்போது வேறு தெருவில் திரும்பினார். ஆனால் மாலையில் செபமாலை சொன்னால் ஐம்பத்துமூன்று மணியிலும் ஒரு சொல் பிசகாது. மறதிக்காரர் இப்படிச் சொல்வாரா என்று நான் தைரியமாக இருந்தேன். பல வருடம் சொல்லிச் சொல்லிப் பழகியவை கடைசியில்தான் போகும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் யாராவது செபத்தையோ தேவாரத்தையோ தடுமாறாமல் சொன்னால், அதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள்.

பக்கத்து வீட்டு ரஹீமா ராத்தா பிடிவாதமாக நின்றதால்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சோதித்தவர் சிங்கள வைத்தியர், இளைஞர், பொறுமையானவர். அம்மாவின் சிங்களம் மரக்கறி வாங்கப் போதும், அதற்கு மேல் போகாது. ஆகவே அவர் கேட்பதை நான் தமிழில் கேட்டு, அம்மா சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

“இப்ப என்ன மாசம்னு கேக்குறாரும்மா.”

அம்மா என்னைப் பார்த்தார். “கொழுந்து கொறஞ்ச மாசம்.”

திரைச்சீலைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். வேறு எதற்காகவோ சிரித்திருக்கலாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் வைத்தியரிடம் சரியான மாதத்தைச் சொன்னேன்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. வருடத்தைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். வைத்தியர் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்டார். அம்மா, “எந்த மூணு?” என்றார். மூன்றையும் சொன்னால் நம்ப மாட்டார் என்று நான் இரண்டை மட்டும் சொன்னேன். சீனி வருத்தத்துக்கான (நீரிழிவு) மாத்திரைகளை அம்மா தானே எடுக்கிறாரா என்று வைத்தியர் கேட்டார். ஆமாம் என்றேன்.

கிளினிக் கொப்பியில் முப்பதுக்கு இருபத்தாறு என்று எழுதினார். வயதுக்குரிய மறதிதான், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது நான் பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல இருந்தேன். ஆறு மாதம் கழித்து நாங்கள் போகவில்லை.

ஒரு வருடம் ஆனது. ஒரு நாள் காலை பதினொரு மணிபோல் கடைக்கு ராத்தாவின் அழைப்பு வந்தது.

“தம்பி, ஓடி வாங்க. உம்மா வேர்த்துக் கொட்டி, பேச்சுமூச்சில்லாமக் கெடக்குறாங்க.”

அம்மா அன்று காலை சீனி மாத்திரையை எடுத்திருக்கிறார். எடுத்ததை மறந்து மறுபடியும் எடுத்திருக்கிறார். அதற்கு மேலும் எடுத்திருக்கலாம். மாத்திரை அட்டையில் நிறைய வெற்றுக் குழிகள் இருந்தன. ஆஸ்பத்திரியில், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். வாட்டில் இரண்டு மிஸ்ஸிமார் (தாதியர்) கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் ஊசி ஏற்றினார். அம்மா தோட்டத்து ஞாபகத்தில், “தொரைகிட்ட சொல்லிருவேன்” என்று அவர்களை மிரட்டினார்.

சீனி சரியாகி ஒரு வாரம் கழித்து, அம்மாவின் ஞாபகத்தைச் சோதிக்க யாழ்ப்பாணப் பக்கத்து வைத்தியர் ஒருவர் வந்தார். நடுவயதுப் பெண். என்னைப் பார்த்து, “நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. அம்மா தானே சொல்லட்டும்” என்றார்.

கொரிடோரில் நின்றேன். என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் குரல் மட்டும், நீண்ட இடைவெளி விட்டு, ஒரு சொல், இரண்டு சொல் என்று வந்தது.

வெளியே வந்தவர் கொப்பியைப் புரட்டினார். “போன வருஷம் இருபத்தாறு. இப்ப ஒன்பது. அல்சைமர் (மூளையின் கலங்கள் மெல்ல மெல்ல அழியும் வருத்தம்) எண்டா வழமையா இவ்வளவு கெதியா விழாது. வேற கெட்ட வருத்தமோ எண்டு பார்க்கவேணும்.”

ஸ்கானோடு, முள்ளந்தண்டு நீரும் எடுக்க வேண்டும் என்றார் (கீழ் முதுகில் ஊசி ஏற்றி, மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றியுள்ள நீரில் கொஞ்சம் எடுப்பது). சம்மதக் கடுதாசியை என் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட்டால் போதும். ஒன்றும் பேசத் தேவையில்லை.

கட்டிலைப் பார்த்தேன். அம்மா ஊசி ஏற்றிய கையை மறு கையால் மூடி வைத்திருந்தார்.

“டொக்டர், அந்த இருபத்தாறு அம்மாவோட மார்க்ஸ் இல்ல” என்றேன்.

“விளங்கேல்ல.”

“என்னோட மார்க்ஸ். அம்மா பிழையாச் சொன்னதெல்லாம் நான் சரியாச் சொன்னேன்.”

அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தார். “அம்மா உண்மையில சொன்னது ஞாபகம் இருக்கோ?”

எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ‘கொழுந்து கொறஞ்ச மாசம்’ என்பதை அவர் அப்படியே எழுதினார்.

“அப்ப போன வருஷமே பதினாலு, பதினஞ்சுக்கு மேல வந்திராது. இது கெதியா விழேல்ல. எங்களுக்குத்தான் பிந்தித் தெரியுது.” கடுதாசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “உங்களுக்கு வெட்கம். ஊசி அவவுக்கு.”

ஸ்கான் மட்டும் எடுத்தார்கள். அல்சைமர்தான் என்று முடிவாயிற்று.

போன வருடமே மருந்து தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன்.

“சொல்லேலாது. இந்தக் குளிசை சிலரைக் கொஞ்சக் காலம் தாங்கிப் பிடிக்கும். சிலருக்கு ஒண்டும் செய்யாது. உங்கட அம்மா அப்ப எந்த ஆளா இருந்திருப்பா எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது.”

டொனெபெசில் என்ற மாத்திரை. நோயைக் குணமாக்காது. சில பேருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதால் முதலில் ஈசிஜி (இதயத் துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் அம்மாவுக்கு வாந்தி, பசியில்லை. பிறகு அடங்கியது. நான் கண்ட பலன் இவ்வளவுதான்: சில நாட்கள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். மாத்திரை எல்லாம் இப்போது பூட்டிய அலுமாரிக்குள்.

என்னைப் போல மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிழையான பதிலைப் பிழையாகவே சொல்லுங்கள். வைத்தியருக்கு வேண்டியது அதுதான். உங்களால் முடியாது என்று தோன்றினால், தமிழ் தெரிந்த மிஸ்ஸி யாராவது இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வெளியே போய் நில்லுங்கள்.

அதன் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் வைத்தோம். மூன்று பேர் வந்து போனார்கள். தன் தோட்டைத் திருடிவிட்டாள் என்று அம்மா தெருவில் நின்று கத்தியதால் ஒருத்தி போனாள். தோடு அம்மாவின் காதிலேயே இருந்தது. ஜெயா வீட்டில் மூன்று வாரம் வைத்திருந்தாள். இடம் மாறியதும் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மிஞ்சியது பிலிமத்தலாவைக்கு அப்பால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லம். ஒரு இடம் காலியாக இருந்தது.

போவதற்கு முதல் நாள் ஜெயா போனில் பேசினாள்.

“அண்ணா, தானே டொய்லெட் போவாங்களான்னு கேப்பாங்களாம். போவாங்கன்னு சொல்லிருங்க. உள்ள எடுத்த பொறகு வெளியில போடவா போறாங்க?”

“போட மாட்டாங்க.”

“அப்பறம் என்ன? ஒரே ஒரு வார்த்தை. ஒங்களுக்கு வராதா?”

“வரும் ஜெயா. நல்லா வரும்.”

அவள், “என்னால இங்க வச்சுப் பாக்க முடியலண்ணா” என்று அழுதாள்.

இல்லத்தில் சிஸ்டர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். அந்தக் கேள்வி நான்காவதாக இருந்தது. அன்று வெளியே யாரும் காத்திருக்கவில்லை. ஆம் என்றால், அன்று மாலையே நான் தனி ஆள்.

“இல்ல சிஸ்டர். கூட்டிட்டுப் போகணும். சில நேரம் அதுக்குள்ள ஆயிரும். கதவு தெறந்திருந்தா வெளிய போயிருவாங்க.”

சிஸ்டர் பேனையை மூடினார். “எங்ககிட்ட ஆள் பத்தாது மகன். விழுந்துட்டாங்கன்னா தூக்கக்கூட ஆள் இல்ல. மன்னிச்சுக்கோங்க.”

அம்மா அதுவரை சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, “இங்க ஒரு நாளைக்கு எத்தன கிலோ பறிக்கணும்?” என்றார்.

“இங்க கிலோக் கணக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப நல்ல தோட்டம். என்னையும் இங்க போடுங்க.”

சிஸ்டர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அம்மாவின் செருப்பைத் தேடி மாட்டிவிட்டேன்.

இப்போது கடையில் எனக்கு அரை நாள் வேலை. அந்த நேரம் ராத்தா பார்த்துக்கொள்கிறார். மற்றதெல்லாம் நான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் பயனில்லை: அம்மாவை நான்தான் குளிப்பாட்டுகிறேன். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். அது முகத்தில் விழுந்து அம்மா பயந்து கத்தினார். மறுநாளிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டுதான் ஊற்றுகிறேன். உச்சந்தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடத்தில் முடி இல்லை. அந்த இடத்தைத் தொட்டால் மட்டும் அம்மா அமைதியாகிறார்.

நனைந்த பிறகு மாற்றுவதைவிட, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை டொய்லெட்டுக்குக் கூட்டிப்போவது நல்லது என்று கிளினிக்கில் சொல்லித் தந்தார்கள். மாதக் கணக்கில் அப்படிச் செய்கிறேன். மணிக்கூடு பார்ப்பதில்லை. நேரம் வந்ததும் என் அடிவயிறு இறுகுகிறது. எனக்கு மணி என்பது இப்போது அதுதான்.

போன கிழமை கடைக்குப் போகும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அடிவயிறு இறுகியிருந்தது; அம்மாவைக் கூட்டிப்போகும் நேரம். பக்கத்தில் இருந்தவரும் வழிவிட்டு எழுந்தார். கொண்டக்டர் மணிக் கயிற்றில் கை வைத்தபடி, “பஹினவாத?” என்றார், இறங்கவா என்று.

இல்லை என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். வயிறு தளர்வதற்குள் பஸ் இரண்டு ஹோல்ட்டில் நின்று போனது.