கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கட்டுக்கதையாக இருந்தால் குமட்டுமா?

வாதம் வந்ததில் மாமனாருக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கையால் எழுதிக் காட்டுவார். தாள் நழுவும், பலகை விழும். அதனால் கட்டிலை ஒட்டிய சுவருக்கே எழுதி அழிக்கிற பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். வாடகைக்கு வந்த புதிது. வீட்டு ஓனரும் சரி என்றார்.

பெயின்டர் சுவரைத் தடவிப் பார்த்தார். தரைக்குச் சற்று மேலே வட்டமாக மஞ்சள் கறை.

"அக்கா, இது தலை எண்ணெய்க் கறை. யாரோ ரொம்ப நாள் தரையில படுத்திருக்காங்க. சோப்பு போட்டுக் கழுவி, ப்ரைமர் அடிக்கணும். இல்லன்னா மேல வந்துரும்."

"கட்டில்தான் மறைக்கப் போகுதே. அடிப்பா," என்றார் இவர். எதிலும் அவசரக் குடுக்கை.

சுவர் பளபளத்தது. கறை இருந்த இடம் மட்டும் காயவே இல்லை. தொட்டால் பிசுபிசுத்தது.

மாமனாருக்கோ ஒரே குஷி. 'தண்ணி', 'ஃபேன்', 'உப்பு பத்தல மருமகளே' என்று சுவர் முழுக்க உத்தரவு. தட்டைக் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போவேன். திரும்பினால் தட்டு காலி. ஆனாலும் ஒரே மாதத்தில் மனிதர் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எங்கப்பாவுக்குச் சோறு போடுறீங்களா, கண்ணுல காட்டுறீங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மலம் அள்ளி, புண்ணுக்கு மருந்து போட்டு, கடைசியில் பட்டினி போட்டவள் என்ற பேரா? அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் மூன்று பத்து. மழை இருட்டு. மாமனார் கண்ணயர்ந்திருந்தார். அறையில் ஒரு சத்தம்.

சப்... சப்...

நாய் தட்டை நக்குகிற மாதிரி. கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

எலியாக இருக்கும் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலை ஒரு முழம் இழுத்தேன்.

சுவரின் அடியில் மசித்த சோறு அப்பியிருந்தது. பழையது காய்ந்து, அதன்மேல் புதியது. ஊசிப்போன சோற்று நாற்றம்... கூடவே சிக்குப் பிடித்த தலை வாடை. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்து தொங்கியது.

வாயைப் பொத்திக்கொண்டு துணியால் துடைத்தேன். துணியில் மஞ்சள் பிசுக்கு. அதில் ஒரு நீள நரைமுடி. மாமனார் தலை மொட்டை.

துடைத்த இடத்தில் எழுத்து தெரிந்தது. மார்க்கர் இல்லை. எண்ணெய்.

'கிட்ட வை.'

சப்... சப்...

மிச்சமிருந்த சோறு நடுவிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. சுவர் ஈரமாகப் பளபளத்தது.

எச்சில்.

அங்கேயே வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தால்... மாமனார் விழித்திருந்தார். என்னைக் கோபமாகப் பார்த்து, சோறு காய்ந்திருந்த இடது கையை எட்டி நீட்டிச் சுவரில் எழுதினார்.

'துடைக்காதே. அவள் சாப்பிடட்டும்.'

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அன்றே அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன். வாரக் கடைசியில் நாங்களும் காலி செய்தோம்.

சாமான் ஏற்றும்போதுதான் கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க வீட்டுல ஒரு வயசான அம்மா. அந்தச் சுவரோரமா, தரையிலதான் படுக்கை. நகர முடியாது. நாத்தம் தாங்காம, சோத்துத் தட்டை வாசப்படியிலயே வச்சுட்டுப் போயிருவாங்க. தட்டு அப்படியே காஞ்சு கிடக்கும். எட்டணும்ல?"

அதுங்களும் மனுஷ ஜென்மமா! சுவரை விட அவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

நேற்று நாத்தனார் போன் செய்தாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"அப்பா இப்ப நல்லா சாப்பிடுறாரு அண்ணி. உடம்பும் தேறிருச்சு. ஆனா தினமும் தரையில இன்னொரு தட்டு வைக்கச் சொல்லி எழுதுறாரு. சுவரை ஒட்டி..."

"தட்டு?"

"காலியாயிடுது."



"கிட்டயே வை," என்றேன்.