வாய் மட்டும் அசைத்த கச்சேரி

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்துத் தையலைச் சுற்றிக் கையகலத்துக்கு எனக்கு உணர்ச்சியே இல்லை. கிள்ளினால் யாரோ யாரையோ கிள்ளுவது போல இருக்கும். அது போகட்டும். மேல் ஸ்தாயியும் சேர்ந்து போய்விட்டது, அதுதான் விஷயம். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டதென்று கணவர் கேசரி கிண்டிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். உயரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

என் பிழைப்பே அந்த உயரத்தில்தான். சினிமாவுக்குக் கோரஸ் பாடியே குரோம்பேட்டையில் வீடு வாங்கினவள் நான். இப்போதெல்லாம் ஒரே பெண்ணைத் திரும்பத் திரும்பப் பாட வைத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறார்கள்; எங்களை யார் கூப்பிடுகிறார்கள்? மிச்சமிருந்தது மேற்கத்திய இசை பாடும் எங்கள் குழு ஒன்றுதான். அதில் மேல் ஸ்தாயி பாடும் பெண்களில் நான்தான் முதல் ஆள்.

தாம்பரம் கச்சேரிக்கு முந்தின ஒத்திகையில், குழுவை நடத்தும் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசிப் பாட்டின் உயரமான வரியைப் பாடச் சொன்னார். பாடினேன். விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அப்படி வந்தது. மாஸ்டர் நோட்டை மூடினார்.

"வரிசையில நில்லுங்க மேடம். வாய மட்டும் அசைங்க. இந்த ஒரு புரோகிராம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேரை அவர் இப்படி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு எப்போதும் மூக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு என்னவோ அதுகூட வரவில்லை. சரி மாஸ்டர் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

என் வரியை நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தார். கச்சேரியில் அவள் என்னை ஒட்டி நின்று பாடினாள். அருமையான குரல், அதைச் சொல்வதற்கென்ன. நான் மூச்சை இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன், வாயைத் திறந்தேன், மூடினேன். கடைசிப் பாட்டில் அவள் குரல் மேலே ஏறி அப்படியே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் குனிந்து வணங்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லை, மரத்துப் போயிருந்தது.

கணவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் கச்சேரி ஒன்றைக்கூட விடமாட்டார் மனிதர். திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் பைக் நின்றது. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பினார்.

"எத்தன பேர் பாடினாலும் உன் குரல் மட்டும் எனக்குத் தனியா கேக்கும். இன்னிக்கும் கேட்டுச்சு."

எந்தப் பாட்டில் என்று கேட்டேன்.

"கடைசிப் பாட்டுல, மேல போய் நின்னுதே, அதான். ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்தத விட நல்லா இருக்கு, நிஜமா."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றேன், "நல்லாத்தான் இருந்துச்சு."